புதிதாக வந்த பணிப்பெண்ணுக்கு எந்த வங்கிக் கணக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரில் உள்ள எங்கள் வீட்டிற்குத் தமிழ்நாட்டிலிருந்து ஓர் இல்லப் பணிப்பெண் சென்ற வாரம் வந்து சேர்ந்திருக்கிறார். வெளிநாட்டு வேலை அவருக்கு இதுவே முதல்முறை. கூடுதல் வட்டி தரும் கணக்காகப் பார்த்து, என் பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகத் திறந்தால் பணம் பத்திரமாக இருக்கும் என்கிறார் என் கணவர். முகவரோ, வேலைக்கு வந்த செலவுக்கான கடன் பிடித்தம் போக முதல் சில மாதங்கள் கையில் சொற்பமே மிஞ்சும், கணக்குக்கு இப்போது என்ன அவசரம் என்கிறார். நாங்கள் எதைச் செய்வது? – ஈசூன் வாசகி

பதில்: உங்கள் கணவரின் எண்ணம் நல்லெண்ணமே என்றாலும் கூட்டுக் கணக்கு வேண்டவே வேண்டாம். பணிப்பெண்ணின் சம்பளத்தையோ வேறு பணத்தையோ முதலாளி தம்மிடம் வைத்துக் காப்பதை 2019 ஜனவரி 1 முதல் மனிதவள அமைச்சு அனுமதிப்பதில்லை. பணிப்பெண்ணே விரும்பி, "நீங்களே வைத்திருங்கள் அம்மா" என்று கேட்டுக்கொண்டாலும் இந்த விதி மாறாது. உங்கள் கையெழுத்திலும் பணம் எடுக்க முடிகிற கணக்கில் அவருடைய சம்பளம் கிடப்பது, பின்னாளில் மனத்தாங்கல் ஏதேனும் வந்தால் உங்களுக்கே வினையாகும். கணக்கு அவர் பெயரில் மட்டும் இருக்கட்டும். அட்டையும் ரகசிய எண்ணும் அவரிடமே இருக்கட்டும்.

வட்டியைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு ஆண்டுக்கு 0.05 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், 500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஓராண்டில் கிடைப்பது 25 காசு. அதே கணக்கில் இருப்பு 500 வெள்ளிக்குக் கீழே இறங்கினால் மாதம் 2 வெள்ளி கட்டணம் என்றால், ஆண்டுக்கு 24 வெள்ளி போய்விடும். கூடுதல் வட்டி என்று விளம்பரப்படுத்தப்படும் கணக்குகளில் பலவும் மாதச் சம்பளம் இவ்வளவு வர வேண்டும், கடன் அட்டையில் இவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதிப்பவை. ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மிச்சத்தைச் சேமிக்கும் ஒரு பெண்ணுக்கு அவை எட்டாதவை. ஆகவே, குறைந்தபட்ச இருப்பு தேவையா, தேவையென்றால் குறையும்போது எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையே நீங்கள் முதலில் கேட்க வேண்டும். பிஓஎஸ்பி வங்கியில் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கென்றே சம்பளக் கணக்கு ஒன்று உண்டு. அதிலிருந்து விசாரிக்கத் தொடங்குங்கள். மற்ற வங்கிகளிலும் கேட்கலாம். ஆனால் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் நம்பாமல், கட்டண அட்டவணையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வங்கி பாதுகாப்பானதா என்ற கவலை உங்கள் கணவருக்கு இருந்தால் அதையும் விட்டுவிடலாம். இங்கே உரிமம் பெற்ற முழுச் சேவை வங்கிகளில் தனிநபர் போட்டுவைக்கும் சிங்கப்பூர் வெள்ளி வைப்புத்தொகைக்கு, வங்கி ஒன்றுக்கு ஆளொருவருக்கு 100,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு. 2024 ஏப்ரலுக்கு முன் அது 75,000 வெள்ளியாக இருந்தது.

முகவரின் பேச்சை நான் ஏற்கவில்லை. சம்பளம் சொற்பமாக இருக்கும் மாதங்களில்தான் எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு பிடித்தோம் என்ற குழப்பம் மூளும். சம்பளக் காலம் முடிந்த ஏழு நாள்களுக்குள் நீங்கள் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். பணிப்பெண் வங்கி வழியே கேட்டால் அவ்வாறே செலுத்த வேண்டும். வங்கிக் கணக்கில் விழுந்த தொகைக்குத் தேதியும் சாட்சியும் தாமாகவே அமைந்துவிடுகின்றன. கையில் கொடுத்த பணத்துக்குக் கையெழுத்து வாங்கிய தாள் ஒன்றுதான் சாட்சி, அதுவும் தொலையாமல் இருந்தால். பிடித்தம் போக 50 வெள்ளிதான் மிஞ்சுகிறது என்றாலும் அதைக் கணக்கிலேயே போடுங்கள். பிடித்தத்தின் விவரத்தைத் தனியே எழுதி இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக்குப் போகும் முன் அவருக்கென்று ஒரு கைபேசி எண் வாங்கிக் கொடுப்பது, வங்கியைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். பல வீடுகளில் நடப்பது இதுதான்: புதிதாக வந்தவருக்கு இன்னும் சிம் அட்டை இல்லை, முகப்பில் இருப்பவர் தொலைபேசி எண் கேட்கிறார், பக்கத்தில் நிற்கும் முதலாளி தம் எண்ணைச் சொல்லிவிடுகிறார். அதன்பின் வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளெல்லாம் முதலாளியின் கைபேசிக்கே வருகின்றன. கைபேசி எண்ணை வைத்துப் பணம் அனுப்பிப் பெறும் பேநவ் சேவையின் பதிவு, வங்கிச் செயலி எல்லாமே அந்த எண்ணைச் சுற்றித்தான் அமைகின்றன. பெயரளவில் கணக்கு அவருடையது, சாவி உங்களுடையது என்றாகிவிடும். பிறகு எண்ணை மாற்ற மறுபடியும் அலைய வேண்டும்.

கடப்பிதழும் வேலை அனுமதி அட்டையும் தேவைப்படும். இரண்டும் அவரிடமே இருக்க வேண்டியவை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். அட்டை கைக்கு வருவதற்கு மருத்துவப் பரிசோதனையும் விரல்ரேகைப் பதிவும் முடிய வேண்டுமாதலால் சில நாள்கள் ஆகும். அதற்கு முன்பே கணக்குத் திறக்க முடியுமா என்பதை வங்கியிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ரகசிய எண் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஊரில் நான்கு இலக்கம் பழகியவருக்கு இங்கே ஆறு இலக்கம் கேட்கப்படும்போது, பிறந்த நாள், மாதம், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் என்று பிறந்த தேதி அச்சாக அதில் பொருந்திவிடுகிறது. அந்தத் தேதியோ அவருடைய கடப்பிதழில் இருக்கிறது, முகவரின் கோப்பில் இருக்கிறது, உங்கள் அலமாரியில் உள்ள ஒப்பந்தத்திலும் இருக்கிறது. வேறு எண் வைக்கச் சொல்லுங்கள். அவர் அதை அழுத்தும்போது நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள். முதல்முறை ஒரு சிறு தொகையை அவரே எடுத்து, அவரே திரும்பப் போட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி: எங்கள் பணிப்பெண் இங்கே கணக்கே வேண்டாம், சம்பளம் முழுவதையும் ஊரில் உள்ள கணவரின் கணக்குக்கு நேரடியாக அனுப்பிவிடுங்கள் என்கிறார். அப்படிச் செய்யலாமா? – தெம்பனிஸ் வாசகர்

பதில்: சம்பளம் முதலில் அவருடைய கைக்கோ அவர் பெயரில் இங்குள்ள கணக்குக்கோ வரட்டும், அனுப்புவது அவர் வேலை. நீங்களே அனுப்பத் தொடங்கினால், ஒரு மாதம் தொகை தாமதமானாலும் நாணய மாற்று விகிதம் குறைந்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

அனுப்புவது இப்போது அவ்வளவு கடினமும் அல்ல. 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் பேநவ் இந்தியாவின் யூபிஐயுடன் இணைக்கப்பட்டதால், திட்டத்தில் சேர்ந்துள்ள வங்கிகளுக்கிடையே கைபேசியிலிருந்தே பணம் அனுப்ப முடிகிறது. தொடக்கத்தில் சிங்கப்பூர்த் தரப்பில் டிபிஎஸ் வங்கி இதில் சேர்ந்திருந்தது. இந்தியத் தரப்பில் பணம் பெறும் வங்கிகளாக இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஸ்டேட் வங்கி ஆகியவையும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் பணமாற்றுக் கடையில் வரிசையில் நிற்பதே பிடித்திருக்கிறது என்பவர்கள் அப்படியே செய்யட்டும். தோழிகளைப் பார்ப்பதற்கும் அது ஒரு சாக்கு. எந்த வழியானாலும் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், நூறு வெள்ளி கொடுத்தால் ஊரில் எத்தனை ரூபாய் கையில் சேரும் என்று கேட்டு ஒப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம். இந்தியக் குடிமகள் வேலைக்காக வெளிநாடு வந்துவிட்டால், அங்கே அவர் பெயரில் ஏற்கெனவே இருக்கும் சாதாரணச் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது இந்திய விதி. இங்கிருந்து அனுப்பும் பணத்தைச் சேமிக்கத் தன் பெயரில் என்ஆர்ஈ என்ற, வெளிநாடுவாழ் இந்தியருக்கான இன்னொரு வகைக் கணக்கு ஒன்றும் திறந்துகொள்ளலாம். அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. குடும்பச் செலவுக்குக் கணவரின் கணக்குக்கு அனுப்புவதில் தவறேதும் இல்லை. ஆனால் இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போது தன் பெயரில் ஒரு காசும் இல்லாத பெண்கள் இருக்கவே செய்கிறார்கள். முடிவு அவருடையது, மாதம் ஐம்பது வெள்ளியாவது தன் பெயரில் போட்டுவைக்கலாமே என்று சொல்லிப்பார்ப்பதில் தப்பில்லை.

கேள்வி: என் பணிப்பெண்ணின் ஊர்க்காரர் ஒருவர், அவள் கணக்கில் சில நாள் பணம் போட்டு எடுத்துக்கொள்வதாகவும் அதற்குக் கூலி தருவதாகவும் சொல்லியிருக்கிறாராம். அனுமதிக்கலாமா? – ஜூரோங் வாசகி

பதில்: கூடாது. மோசடிக் கும்பல்கள் ஏமாற்றிய பணத்தைக் கைமாற்றுவது இப்படிப்பட்ட கணக்குகளின் வழியேதான். கணக்கையோ, அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸையோ பிறருக்குக் கொடுப்பவர் தமக்கு எதுவும் தெரியாது என்று சொல்லித் தப்பிப்பது இப்போதைய சட்டத்தில் எளிதல்ல. வழக்கு, சிறை, வேலை அனுமதி இழப்பு என்று போய் முடியும். ஏற்கெனவே அட்டையைக் கொடுத்திருந்தால் இன்றே வங்கியை அழைத்து அதை முடக்கச் சொல்லுங்கள். பணம் வந்துவிட்டிருந்தால் அதைத் தொடாமல் காவல்துறையிடம் தெரிவிக்கட்டும். சந்தேகமாக இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். பணிப்பெண் வேலை முடிந்து ஊர் திரும்பும் நாளில் கணக்கை மூடாமல் அட்டையைத் தோழியிடம் விட்டுச் செல்வதற்கும் இதே பதில்தான். கடைசிச் சம்பளம் வந்ததும் பணத்தை எடுத்துக்கொண்டு, விமானம் ஏறும் முன்பே கணக்கை மூடச் சொல்லுங்கள்.