காளான் சாறும் 14 மில்லிமீட்டர் வளையமும்

கேள்வி: காட்டுக் காளானை மெத்தனாலில் ஊறவைத்துச் சாறெடுத்து, அதை விட்ட சிறு காகித வட்டை, பாக்டீரியா தடவிய அகார் தட்டில் வைக்கும் டிஸ்க் முறையில் சோதித்தோம். ஸ்டேஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் தட்டில் டிஸ்க்கைச் சுற்றி, பாக்டீரியா வளராத 14 மி.மீ. தெளிவு வளையம் வந்தது. ஈ.கோலை தட்டில் ஒன்றுமில்லை. தண்ணீர்ச் சாறு இரண்டிலுமே பலிக்கவில்லை. எங்கே தவறினோம்?

பதில்: ஈ.கோலை முடிவில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவுக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு உண்டு. காளானின் பல சேர்மங்களை அது உள்ளே விடாது. சந்தேகப்பட வேண்டியது அந்த 14 மி.மீ.யைத்தான். டிஸ்க்கில் மெத்தனால் தங்கியிருந்தால் அதுவே பாக்டீரியாவைக் கொன்றிருக்கலாம். வெறும் கரைப்பான் விட்ட டிஸ்க் ஒன்றும், ஜென்டாமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக் 10 மைக்ரோகிராம் உள்ள டிஸ்க் ஒன்றும் அதே தட்டில் இல்லையென்றால் அந்த எண்ணை அறிக்கையில் எழுதாதீர்கள்.

மறுபடி செய்யும்போது 10 கிராம் உலர்ந்த பொடிக்கு 100 மி.லி. மெத்தனால் ஊற்றி, மூடிய குடுவையில் 24 மணி நேரம் குலுக்குங்கள். வடிகட்டி, குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரியில் வற்றவையுங்கள். மெத்தனால் தீப்பிடிக்கும், அடுப்பருகே கொண்டுபோகவே கூடாது. எஞ்சும் பிசினை எடைபோட்டு, டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பானில் மில்லிலிட்டருக்கு 100 மி.கி. வீதம் கரையுங்கள். 20 மைக்ரோலிட்டர் விட்டால் டிஸ்க்குக்கு 2 மி.கி. இந்த எடை தெரியாவிட்டால் வளையத்தின் அளவுக்குப் பொருளே இல்லை. தட்டில் பாக்டீரியா வளரும் ஊடகமான முல்லர்-ஹின்டன் அகார் 4 மி.மீ. கனம் இருக்கட்டும், மெலிந்தால் வளையம் பொய்யாகப் பெருக்கும். தட்டில் தடவும் பாக்டீரியாக் கரைசலின் கலங்கல், செல் அடர்த்தியைக் காட்டும் மெக்ஃபார்லண்ட் அளவில் 0.5 இருக்கட்டும்.

தண்ணீர்ச் சாற்றை அதற்குள் கைவிடாதீர்கள். அதிலுள்ள பாலிசாக்கரைடு, புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் அகாரில் நகர்வதே கடினம். வீரியம் இருந்தும் வளையம் வராமல் போகலாம். 96 குழித் தட்டில், திரவ ஊடகத்தில், மில்லிலிட்டருக்கு 5 லட்சம் செல்கள் வைத்துச் சோதியுங்கள். சாற்றின் நிறம் கலங்கலை மறைத்தால் ரெசாசுரின் சாயம் சேருங்கள்: உயிருள்ள குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். ஆனால் காளானின் ஃபீனால்களும் அதே நிறமாற்றத்தைச் செய்யக்கூடும். அதனால் பாக்டீரியா இல்லாமல் சாறு மட்டும் விட்ட குழி கட்டாயம். வளர்ச்சி தெரியாத குழியிலிருந்து ஒரு துளியைப் புதிய அகாரில் வையுங்கள். முளைத்தால், சாறு பாக்டீரியாவைக் கொல்லவில்லை, தடுத்துத்தான் வைத்திருந்தது.

கேள்வி: இதுபோன்ற சாற்றைப் புண்ணுக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். சுத்திகரிக்காத சாற்றில் என்னென்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. சில அமானிட்டா காளான்களின் அமாட்டாக்சின் என்னும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. காளான் வகைப் பூஞ்சையிலிருந்து மருந்து வந்தது உண்மைதான். 1951இல் முதலில் அறிவிக்கப்பட்ட ப்ளூரோமியூட்டிலின் என்னும் ஆன்டிபயாட்டிக், பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிப் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. ஆனால் அதுவும் ஆய்வகத்தில் வளர்த்த பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த தனிச் சேர்மம். அதை வேதியியல் முறையில் மாற்றியமைத்த பிறகே, 2007இல் ரெட்டாபமுலின் களிம்பும் 2019இல் நிமோனியாவுக்கான லெஃபாமுலினும் மனிதர்களுக்கு அனுமதி பெற்றன.