கேலிப்படத்தில் யூதர்
கேள்வி: ஐரோப்பாவின் பழைய அச்சுப் படங்களில் யூதர்களை வளைந்த மூக்கும் பணப்பையுமாக வரைந்தது ஏன்?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: நிலவுடைமையும் கைவினைச் சங்கங்களும் பல நாடுகளில் மறுக்கப்பட்ட யூதர்களில் சிலர், கிறித்தவர்களுக்குத் திருச்சபை தடுத்திருந்த வட்டித் தொழிலுக்குத் தள்ளப்பட்டனர், பின்னர் அதையே அவர்களின் பிறவிக் குணமாகச் சித்திரித்தனர். இங்கிலாந்து அரசின் 1233ஆம் ஆண்டு வரவுக் கணக்குச் சுருளொன்றின் மேற்பகுதியில் வரைந்த படத்தில், நார்விச் நகரத்து ஐசக் என்னும் யூதர் மூன்று முகங்களுடன் நிற்க, கீழே இருவரின் மூக்குகளைப் பேயொன்று தொடுகிறது. எழுத்தரின் வெறும் குறும்பு என்று இதைத் தள்ளிவிட மனமில்லை. அச்சுக்கலை இவ்வுருவத்தை மலிவாகப் பரப்பியது. ஜெர்மனியில் நாஜிக் கட்சிக்காரரான ஜூலியஸ் ஸ்ட்ரைகர் 1923இல் தொடங்கிய ‘டெர் ஸ்டூர்மர்’ வார இதழ் இதையே பிழைப்பாகக் கொண்டிருந்தது. எழுத்தாலும் பேச்சாலும் கொலைக்குத் தூண்டியதற்காக, இரண்டாம் உலகப் போருக்குப்பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் தீர்ப்பாயம் 1946இல் அவருக்கு மரண தண்டனை விதித்தது.