மைதானத்தில் மாட்டும் கருவி: எந்த எண்ணை நம்பலாம்?

செயற்கைக்கோள் சிக்னலை வைத்து ஓடிய தூரத்தையும் வேகத்தையும் அளக்க ஆட்டக்காரர்கள் அணியும் ஜி.பி.எஸ். கருவி, ஸ்மார்ட் வாட்ச் பற்றி மதுரைப் பக்கத்துப் பயிற்சியாளர்களும் வீரர்களும் பெற்றோரும் கேட்டவை. அணிகளோடு இந்தக் கருவிகளைப் பயன்படுத்திவரும் உடற்திறன் பயிற்சியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஹாக்கி பயிற்சியாளர், ரேஸ்கோர்ஸ்: 2025 ஜூனியர் உலகக் கோப்பை நம்ம ஊரில் நடந்த பிறகு பையன்களுக்கு ஆசை வந்துவிட்டது. முதுகுப் பக்கம் வைக்கிற ஜி.பி.எஸ். கருவி வாங்கினோம். ஒரே பையன் இரண்டு கருவியை மாட்டி ஓடினால் வேறு வேறு எண் வருகிறது. பழுதா சார்?

பழுது இல்லை சார். ஒரே மாடலில்கூட கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். மொத்தத் தூரத்தில் அது பெரிதாகத் தெரியாது. சட்டென்று வேகமெடுப்பது, நிற்பது, திரும்புவது ஆகியவற்றில்தான் தெரியும். இன்று பரவலாக இருப்பவை விநாடிக்கு 10 முறை அளப்பவை. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடுகிற பையன் இரண்டு அளவீட்டுக்கு நடுவே 80 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடுகிறான். அந்த இடைவெளியில் அவன் உடம்பை வளைத்துத் திரும்பினால் கருவிக்கு முழுதாகப் பிடிபடாது.

கருவியில் பெயர் எழுதி, ஒருவருக்கு எப்போதும் ஒரே கருவியைக் கொடுங்கள். பயிற்சிக்குக் கால் மணி நேரம் முன்பே திறந்தவெளியில் ஆன் செய்து வையுங்கள். கேலரிச் சுவரை ஒட்டி வைத்தால் வானத்தில் பாதி மறைந்துவிடும்.

ஒரு தகப்பனார், உசிலம்பட்டி: மகன் கபடி ஆடுகிறான், மேட் விரித்த உள்ளரங்கத்தில். இதை வாங்கித் தரலாமா?

வேண்டாம் அண்ணே. உள்ளரங்கத்தில் செயற்கைக்கோள் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. வெளியில் ஆடினாலும், ஆண்கள் களமே 13க்கு 10 மீட்டர்தான். ரெய்டு போகிறவன் அரை அடி, ஒரு அடியில் ஏமாற்றுகிறான், அதை ஜி.பி.எஸ். எப்படி அளக்கும்? அரங்கைச் சுற்றி ரேடியோ கருவிகள் பொருத்தி அளக்கும் முறை உண்டு, செலவு அதிகம். இப்போதைக்குப் போனில் வீடியோ எடுத்து அவனோடு உட்கார்ந்து பாருங்கள்.

கால்பந்து வீராங்கனை, திருமங்கலம்: வாட்ச் காட்டும் இதயத் துடிப்பு சரியா அண்ணா?

ஒரே சீராக ஓடும்போது ஓரளவு சரிம்மா. ஓடி நின்று, மறுபடி பாயும் ஆட்டத்தில் பின்தங்கும். வாட்ச் தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தை ஊகிக்கிறது. கை வீச்சிலும், வாட்ச் தளர்ந்திருந்தாலும் தடுமாறும். மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே எடுக்கிறது. முடிந்தால் அதை வாங்கு. ஒன்று கவனி: சித்திரை வெயிலில் அதே ஓட்டத்துக்குத் துடிப்பு நிஜமாகவே கூடும். அதைக் கருவிக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு ஓடாதே, நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடி.

அதே வீராங்கனை: கலோரி எண்?

அதை விட்டுவிடு.

பி.டி. ஆசிரியர், மேலூர்: மாவட்ட ஹாக்கி அணிக்கு ஆள் எடுக்க, கருவி காட்டும் ஸ்பிரிண்ட் (அதிவேகப் பாய்ச்சல்) கணக்கைப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம் சார். எந்த வேகத்துக்கு மேல் ஸ்பிரிண்ட், எத்தனை நேரம் நீடித்தால் ஒன்று என எண்ணுவது, இதையெல்லாம் மென்பொருளில் யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். அமைப்பை மாற்றினால் அதே ஓட்டத்துக்கு வேறு எண்ணிக்கை வரும். ஒரு கம்பெனிக் கருவியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவும் முடியாது. ஹாக்கியில் ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பதால், வெளியே உட்கார்ந்தவனுக்கு மொத்தத் தூரம் குறைவாகத்தான் இருக்கும். நிமிடத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். தடுப்பு ஆட்டக்காரன் சரியான இடத்தில் நின்றதாலேயே ஓடாமல் இருந்திருப்பான்! போன வாரத்து அவனோடு இந்த வாரத்து அவனை ஒப்பிடுங்கள். காயத்திலிருந்து திரும்பும் பையனுக்குப் பயிற்சியை மெல்ல ஏற்ற, இதைவிட உதவும் பொருள் குறைவு. ஆனால் இதைக் காட்டி ஒரு பிள்ளையின் பெயரை அடிக்காதீர்கள்.

அதே ஆசிரியர்: எங்கள் கருவியை நாங்களே சோதிக்க முடியுமா?

முடியும். 400 மீட்டர் ட்ராக்கில் உள்கோட்டை ஒட்டி ஐந்து சுற்று ஓடவிட்டு, 2,000க்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். அப்புறம் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்பு வைத்து, கோட்டைத் தொட்டுத் தொட்டு 20 முறை ஓடட்டும். 200 வர வேண்டும், பெரும்பாலும் குறையும். அந்தக் குறைவைக் கருவியின் பெயரோடு நோட்டில் எழுதுங்கள். மென்பொருள் அப்டேட் வந்தால் மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள்.