கீழே தறி, மேலே வீடு: ஒரு தீயணைப்பான் வாங்கி மாட்டினால் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அம்மாபேட்டையில் சொந்த வீடு, கீழே விசைத்தறி ஓடுகிறது, மாடியில் குடும்பம். ஒரு தீயணைப்பான் வாங்கி மாட்ட நினைக்கிறீர்கள். எந்த வகை வாங்குவது, எப்படிப் பிடிப்பது, அது ஒன்றே போதுமா?

போதாது. ஆனாலும் கட்டாயம் வாங்குங்கள். நான் சேலம் பக்கம் ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன், ஆலையின் தீயணைப்புக் குழுவிலும் இருக்கிறேன். பஞ்சும் மோட்டாரும் ஒரே கூரைக்குள் இருக்கிற இடம். உங்கள் பட்டறையும் அப்படித்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கையில் தூக்கும் தீயணைப்புச் சிலிண்டர் எதுவானாலும், அழுத்திப் பிடித்தால் 10, 15 வினாடியில் காலியாகிவிடும். சின்னது அதற்கும் முன்னால் தீர்ந்துவிடும். அதை வைத்து ஒரு குப்பைக்கூடை அளவுத் தீயை அணைக்கலாம். தீ உங்கள் உயரத்துக்கு எழுந்துவிட்டாலோ, கூரையைத் தொட்டுவிட்டாலோ, புகை முகத்துக்கு நேராக இறங்கிவிட்டாலோ சிலிண்டரைத் தொடவே வேண்டாம். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டில் எனக்குப் பெரிய கவலை அந்த மாடிப்படிதான். கீழே நூல் எரிந்தால் புகை முதலில் ஏறுகிற வழி அது. மேலே இருப்பவர்கள் இறங்குகிற வழியும் அதுவே. அதனால் தீயைப் பார்த்ததும் முதல் வேலை சிலிண்டரை எடுப்பது இல்லை, சத்தம் போட்டு மாடியில் இருப்பவர்களை இறக்குவது. அதே நேரத்தில் இன்னொருவர் மெயினை ஆஃப் செய்ய வேண்டும். மெயின் சுவிட்ச் பட்டறையின் உள்மூலையில் இருந்தால், செலவைப் பார்க்காமல் வாசல் பக்கம் மாற்றி வையுங்கள். சிலிண்டரையும் வாசலை ஒட்டியே, இடுப்பு உயரத்தில், எதையும் நகர்த்தாமல் கை எட்டும்படி மாட்டுங்கள். பாவு நூல் சுற்றிய உருளைக்குப் பின்னாலும் நூல் கோன் மூட்டைக்குப் பின்னாலும் சிலிண்டர் மாட்டியிருப்பதை எத்தனையோ பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். தீ பிடிக்கிற இடத்தைத் தாண்டிப் போய்த்தான் அதை எடுக்க முடியும்.

வகைக்கு வருவோம். பட்டறைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஏபிசி பவுடர், 4 கிலோவோ 6 கிலோவோ வாங்குங்கள். நூல், துணி, மரம், எண்ணெய், மின்சாரத் தீ எல்லாவற்றுக்கும் அது ஆகும். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒன்றும் இருந்தால் நல்லது. பவுடர் மோட்டாருக்குள்ளும் பேனலுக்குள்ளும் புகுந்து அரித்துவிடும், கார்பன் டை ஆக்சைடு படிவு எதையும் மிச்சம் வைக்காது. ஆனால் இதன் வீச்சு குறைவு, கொஞ்சம் நெருங்கித்தான் அடிக்க வேண்டும். அடிக்கும்போது அந்தக் கறுப்புக் குழலை வெறும் கையால் பிடிக்காதீர்கள், உறைந்து தோல் ஒட்டிக்கொள்ளும். கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். மூடிய சின்ன அறையில் அடித்தால் மூச்சுக்குக் காற்று குறைந்துவிடும். அடித்த உடனே வெளியே வந்துவிடுங்கள்.

பிடிக்கும் விதம் சிலிண்டர் மேலுள்ள படத்தில் போட்டிருக்கும், அதில் இல்லாத ஒன்று உண்டு. பதற்றத்தில் எல்லோரும் ஒரு கையால் மேல் கைப்பிடியையும் கீழ்க் கைப்பிடியையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு, மறு கையால் பூட்டுப் பின்னை (கைப்பிடியைப் பூட்டியிருக்கும் ஊசியை) இழுப்பார்கள். இறுக்கினால் பின் சிக்கிக்கொள்ளும், எவ்வளவு இழுத்தாலும் வராது. சிலிண்டரைத் தரையில் வையுங்கள், மேல் கைப்பிடியை விட்டுவிடுங்கள், பின்னை லேசாக முறுக்கி உருவுங்கள். பிளாஸ்டிக் சீல் தானாக அறுந்துவிடும். அப்புறம் கீழ்க் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, 6 முதல் 8 அடி தள்ளி, வாசல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். ஜுவாலையின் உச்சியில் அடித்தால் பவுடர் வீண். எரிகிற பொருளின் அடியில் அடித்து, இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே போங்கள். பெரிய சத்தம் வரும், வெள்ளைப் புகைபோல மூடி எதிரே எதுவும் தெரியாது. பயப்பட வேண்டாம், அது பவுடர்தான்.

நூல் தூசிக்கு மட்டும் தனிக் கவனம். கிட்டப் போய் ஒரேயடியாக அடித்தால், எரிகிற தூசி பறந்து அடுத்த தறியில் விழும். தள்ளி நின்று, மேலிருந்து தூவுகிற மாதிரி விட்டு விட்டு அடியுங்கள். ஜுவாலை அடங்கிவிட்டது என்று நம்பித் திரும்பிவிடவும் கூடாது. பவுடருக்குச் சூட்டைத் தணிக்கிற சக்தி இல்லை. கோனுக்குள்ளும் மூட்டைக்குள்ளும் கங்கு இருந்துகொண்டே இருக்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பற்றும். மெயின் ஆஃப் ஆகியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, அந்தக் கோன்களை வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீரில் நனைத்துவிடுங்கள். மின்சாரம் ஓடும்போது தண்ணீர் கூடவே கூடாது.

எந்தச் சிலிண்டரையும்விட உங்கள் பட்டறையைக் காப்பாற்றப் போவது துடைப்பம்தான் என்பது என் கருத்து. மோட்டார் மேலும் சுவிட்ச் பெட்டி மேலும் படிகிற தூசியைத் தினமும் தறியை நிறுத்திவிட்டுக் கூட்டி எடுத்தால், பாதி ஆபத்து அங்கேயே போய்விடும்.

மாடிச் சமையலறைக்கு ஒரு 2 கிலோ ஏபிசி போதும். அதை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாமல் வாசல்படிக்கு வெளியே மாட்டுங்கள். வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் அதை எடுக்கவே வேண்டியதில்லை. அடுப்பை அணைத்து, பெரிய தட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளி மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். கிட்ட நின்று பவுடர் அடித்தால் கொதிக்கிற எண்ணெய் தெறிக்கும். தண்ணீர் ஊற்றினால் அது நொடியில் ஆவியாகி எரிகிற எண்ணெயையும் கூரைவரை தூக்கி எறியும்.

கேஸ் ட்யூபில் தீ என்றால் ரெகுலேட்டரை மூடுவதுதான் வைத்தியம். கேஸ் வந்துகொண்டிருக்கும்போது தீயை மட்டும் அணைத்தால், காற்றைவிடக் கனமான அந்தக் கேஸ் தரையில் தேங்கி, அடுத்த பொறியில் வெடிக்கும். கை வைக்க முடியாதபடி எரிந்தால் ஈரச் சாக்கைப் போர்த்தி ரெகுலேட்டரைத் திருகலாம். கேஸ் சிலிண்டரையே தீ சூழ்ந்துவிட்டால் வீட்டை விட்டு இறங்கிவிடுங்கள். தீ இல்லாமல் வாசனை மட்டும் வந்தால் எந்த ஸ்விட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

பராமரிப்பு எளிது, ஆனால் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். மாதம் ஒருமுறை பவுடர் சிலிண்டரின் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கிறதா, பின்னும் சீலும் இருக்கிறதா, ஹோஸில் விரிசலோ அடைப்போ இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் பவுடர் அடியில் கட்டியாகிவிடும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள் இருக்காது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் வாயுவில் 10 சதவீதம் குறைந்திருந்தால் நிரப்பியாக வேண்டும். பவுடரை ஒரே ஒரு வினாடி அடித்திருந்தாலும் நிரப்பத்தான் வேண்டும், ஏனென்றால் வால்வில் பவுடர் சிக்கி, அழுத்தம் மெதுவாகக் கசிந்து போய்விடும்.

கடைசியாக, வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. ஏப்ரல் 14 தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்புத் துறையினர் செய்துகாட்டுவார்கள், தறி ஓட்டுபவர்களையும் கூட்டிப் போங்கள். நிரப்ப வேண்டிய தேதி வரும்போது முழுச் சிலிண்டரை அப்படியே கொடுத்து அனுப்பாதீர்கள். வெளியே காலி இடத்தில், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, வீட்டில் உள்ள பெண்களும் தறி ஓட்டுகிற அக்காவும் ஆளுக்குக் கொஞ்சம் அடித்துப் பார்க்கட்டும். காலிச் சிலிண்டர் திரும்பி வரும்வரை மாற்றுச் சிலிண்டர் ஒன்று தரச்சொல்லிக் கடைக்காரரிடம் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.