தாத்தா ஏன் பொம்மையாகவே இருக்கிறார்?

கேள்வி: சாய்வுநாற்காலியில் செய்தித்தாள் படிக்கும் என் தாத்தாவைப் பாலிமர் களிமண்ணில் (அடுப்பில் சுட்டால் கெட்டியாகும் பிளாஸ்டிக் களிமண்), 12-இல் ஒரு பங்கு அளவில் செய்துவருகிறேன். சுருக்கங்களை ஊசியால் ஒவ்வொன்றாகக் கீறியும் முகத்தில் உயிர் வரவில்லை. பிடிக்காத தலையைக் கசக்கிவிட்டு மறுபடி தொடங்கி, தொடங்கி, அலுத்தே போய்விட்டது. படம் இணைத்துள்ளேன்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் ஊசியைக் கீழே வையுங்கள், அம்மா. படத்தைப் பார்த்ததும் கண்கள்தான் முட்டிக்கொண்டு தெரிகின்றன. வளர்ந்த மனிதரின் விழிக்கோளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். உங்கள் அளவில் அது 2 மில்லிமீட்டர், ஒரு கடுகு. நீங்கள் மிளகை வைத்திருக்கிறீர்கள்! வெள்ளைக் களிமண்ணில் கடுகளவு உருண்டைகள் செய்து, அவற்றை மட்டும் முன்னதாகச் சுட்டுவிடுங்கள். கெட்டியான உருண்டையைக் குழியில் பதித்து, மெல்லிய பட்டையாக இமையைப் போர்த்தினால் வளைவு தானே அமையும். கண்ணின் இடத்தையும் இறக்குங்கள். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நட்டநடுவில்தான் கண் இருக்கிறது. நம்பிக்கை வராவிட்டால் வீட்டில் ஒரு வழுக்கைத் தலையைப் பிடித்து அளந்து பாருங்கள்.

முதுமையைக் காட்ட எலும்பிலிருந்து தொடங்க வேண்டும். பல் விழுந்தவருக்கு மூக்குக்கும் மோவாய்க்கும் உள்ள தூரம் குறைந்துவிடும். நெற்றிப்பொட்டு குழியும், காது நீண்டு தெரியும், கன்னம் தாடையோரம் இறங்கும். இவ்வளவும் வந்த பிறகு, சுருக்கத்துக்கு அதிக வேலை இருக்காது.

தாத்தா உட்கார்ந்திருக்கும் விதத்திலும் எனக்குத் திருப்தியில்லை. சாய்வுநாற்காலியில் யார் முதுகை நிமிர்த்தி உட்காருகிறார்கள்? இடுப்பு முன்னே சரிந்து, மோவாய் நெஞ்சை நெருங்க வேண்டும். அதை, களிமண்ணுக்குள் எலும்பாக நிற்கும் கம்பிக்கூட்டிலேயே வளைத்துவிடுங்கள். களிமண் ஏறிய பின் வளைத்தால் இடுப்பில் மடிந்து பிதுங்கும்.

கசக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். கோணலாக வந்த தலையையும் சுட்டு, தேதி எழுதி வரிசையாக நிறுத்துங்கள். எதில் மூக்கு தேறியது, எதில் காது தேறியது என்பது அப்போதுதான் தெரியும். கசக்கிவிட்டால், செய்த பிழையையே திரும்பச் செய்கிறோமா என்று பார்க்கக்கூட வழியில்லை. முகத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், தலைகீழாகவும் பாருங்கள். பழகிய கண் மறைத்த கோணல் வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: பாலிமர் களிமண்ணை மைக்ரோவேவில் சுடலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: கூடாது. ஓ.டி.ஜி. எனும் சிறிய மின்னடுப்பு போதும். பெரும்பாலான வகைகளுக்கு 110 முதல் 130 டிகிரி செல்சியஸ். உறையில் போட்டிருப்பதே கணக்கு. அடுப்பின் திருகைவிட, உள்ளே வைக்கும் தனி வெப்பமானியை நம்புங்கள். இந்தக் களிமண்ணின் அடிப்படை பி.வி.சி. பிளாஸ்டிக், கருகினால் வரும் புகை நல்லதல்ல. தலைக்குள் அலுமினியத் தாளை இறுக்கிக் கசக்கி வைத்தால் களிமண் ஒரே தடிமனில் நின்று, விரிசல் குறையும்.

கேள்வி: என் சிற்றுருவத்துக்குக் கட்டிய வேட்டி அட்டைபோல விறைத்து நிற்கிறதே?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: உருவத்தைச் சிறிதாக்கலாம், நூலைச் சிறிதாக்க முடியாது. இருப்பதில் மெல்லிய, பழைய மல் துணியாக எடுத்துக் கஞ்சி போகத் துவையுங்கள். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, உருவத்தின் மேலேயே மடிப்பு வைத்துக் காயவிடுங்கள். கரைக்கு நெய்த கரையை வெட்டி ஒட்டவேண்டாம்; 12-இல் ஒரு பங்கு அளவென்றால், அரை அங்குலக் கரைகூட அந்த மனிதருக்கு அரையடி அகலமாகிவிடும். மெல்லிய தூரிகையால் ஒரு கோடு இழுங்கள்.