கதவுக்கு முட்டுக் கொடுத்த பக்கெட்: வாசகர் கேள்வி பதில்

மருத்துவமனைகளில் தீ பாதுகாப்பு, தூய்மைப் பணி இரண்டையும் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை.

கே: தீ பாதுகாப்பு, ஹவுஸ்கீப்பிங் இரண்டையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வேலைகள். எதை முதலில் பிடிப்பது? (நிர்வாக அலுவலர்)

ப: சம்பந்தம் இல்லை என்று யார் சொன்னது? ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு மேல், யாரிடமும் சொல்லாமல், ஒரு மாடி முழுக்க நடந்து பாருங்கள். வார்டுக்கும் காரிடாருக்கும் நடுவில் உள்ள தீத்தடுப்புக் கதவு திறந்தே கிடக்கும், அதற்கு முட்டு ஒரு மாப் பக்கெட். எலெக்ட்ரிக்கல் பேனல் அறையைத் திறந்தால் துடைப்பம், காலி கேன்கள், அட்டைப்பெட்டி, ஓரத்தில் காயப்போட்ட மாப் துணி. அவசர வழிப் படிக்கட்டின் திருப்பத்தில், காலையில் எடுத்துப் போகலாம் என்று வைத்த குப்பைப் பைகள். இதில் எது தீ பாதுகாப்பு, எது ஹவுஸ்கீப்பிங் என்று நீங்களே பிரித்துச் சொல்லுங்கள்.

இதைப் பார்த்துவிட்டுத் தூய்மைப் பணியாளரைக் கூப்பிட்டுத் திட்டுவதுதான் வழக்கமாக நடப்பது, அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தக் கதவு கனமானது, தானாக மூடிக்கொள்வது, இரண்டு கையிலும் சாமானோடு ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவைதான் அதைத் தோளால் தள்ளிக்கொண்டு போவார்? அடிக்கடி ஆள் போய்வரும் கதவுகளுக்குக் காந்தப் பிடிப்பான் போடுங்கள், சாதாரண நேரத்தில் கதவு திறந்து நிற்கும், அலாரம் அடித்தால் பிடி விட்டுத் தானாக மூடிக்கொள்ளும். மாடிக்கு ஒரு சின்ன அறை, தண்ணீர்க் குழாயும் வடிகாலும் உள்ளதாக, துடைப்பம் மாப் வைக்கக் கொடுங்கள். ராத்திரிக் குப்பையை ராத்திரியே இறக்க ஆள் போடுங்கள். இது எதையும் செய்யாமல் ‘இங்கே பொருட்களை வைக்காதீர்’ என்று ஸ்டிக்கர் ஒட்டினால், ஸ்டிக்கருக்குக் கீழேயே வைப்பார்கள்.

கதவைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. மருத்துவமனைத் தீயில் உயிரை எடுப்பது பெரும்பாலும் புகை. மூடிய தீத்தடுப்புக் கதவு, அதன் ஓரங்களில் உள்ள சீல் சரியாக இருந்தால், அடுத்த பகுதியில் இருப்பவர்களை நகர்த்த நேரம் வாங்கித் தரும். பக்கெட் வைத்த கதவு ஒரு நிமிடம்கூட வாங்கித் தராது.

கே: அடித்தளத்தில் இடம் சும்மா கிடக்கிறது, பழைய மெத்தை, ஃபைல், கட்டில் எல்லாம் அங்கே போட்டிருக்கிறோம். இது அவ்வளவு பெரிய தப்பா?

ப: பெரிய தப்புதான். 1929 மே 15 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில், அடித்தளத்தில் வைத்திருந்த எக்ஸ்ரே பிலிம்கள் எரிந்து 123 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் அதிலிருந்து கிளம்பிய நச்சு வாயுவால். அந்தக் காலத்து பிலிம் நைட்ரோசெல்லுலோஸ் என்ற சட்டென்று பற்றிக்கொள்ளும் பொருள், இப்போது அது இல்லையே என்று நினைக்கலாம். சரி, 2011 டிசம்பர் 9 அதிகாலை, கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனை. வண்டி நிறுத்த வேண்டிய அடித்தளம் ஸ்டோராக மாறியிருந்தது, அங்கே பிடித்த தீயின் புகை மேல் மாடிகளுக்கு ஏறி, தூங்கிக்கொண்டிருந்த நோயாளிகள் உள்பட ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். எண்பது வருடத்துக்கு மேல் இடைவெளி, இரண்டிலும் தீ கீழே, சாவு மேலே.

அடித்தளத்தைக் காலி செய்வது ஹவுஸ்கீப்பிங் வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள், கழித்துக்கட்டும் கோப்பில் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல்தான் அந்த மெத்தைகள் அங்கே கிடக்கின்றன. கையெழுத்துப் போட வேண்டியவரைப் பிடியுங்கள். துணி ஸ்டோரையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்: தீ பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலைக்குக் கீழே சுமார் 45 செ.மீ. இடம் காலியாக இருக்க வேண்டும், கூரை முட்ட அடுக்கினால் தண்ணீர் பரவாது.

கே: கழிவறை கழுவும்போது எங்கள் பெண்களுக்கு இருமல், கண் எரிச்சல். மாஸ்க் கொடுத்தும் போகவில்லை. (ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்)

ப: பிளீச்சோடு ஆசிட்டைக் கலக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பிளீச்சில் உள்ள ஹைப்போகுளோரைட்டோடு டாய்லெட் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அமோனியா உள்ள திரவம் சேர்ந்தால் குளோரமின். இரண்டும் நுரையீரலைப் பதம் பார்க்கும், சாதாரண மாஸ்க் எந்த வாயுவையும் நிறுத்தாது. ‘ரெண்டும் சேர்த்தா நல்லா போகும்’ என்று ஒரு சீனியர் அக்கா சொல்லிக்கொடுத்திருப்பார், விசாரியுங்கள். ஒன்றை ஊற்றித் தேய்த்து, தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசிய பிறகுதான் அடுத்தது. லேபிள் இல்லாத தண்ணீர் பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்கக் கூடாது.

கூடவே இன்னொன்று. ரத்தம், வாந்தி மேலே நேராக பிளீச் ஊற்றிவிட்டு உடனே துடைத்தால் கிருமி சாகாது. அழுக்கு இருந்தால் குளோரின் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். உறிஞ்சும் துணியால் முதலில் எடுத்து, பிறகு கரைசலை விட்டு, லேபிளில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாகவே விட வேண்டும். கரைசலை அன்றன்று கலக்க வேண்டும், நேற்று கலந்தது வீரியம் குறைந்திருக்கும்.

கே: சானிடைசர் பாட்டில்களை எல்லாக் கட்டிலிலும் மாட்டச் சொல்கிறது தொற்றுத் தடுப்புக் குழு. தீ பாதுகாப்பு ஆள் வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

ப: இரண்டு பேர் பேச்சையும். கை வழியாகப் பரவும் தொற்று தினமும் ஆளைக் கொல்கிறது, அதனால் பாட்டில் இருக்கட்டும். ஆனால் அதில் 60 முதல் 80 சதவீதம் ஆல்கஹால், அதன் ஆவி அறை வெப்பத்திலேயே பற்றக்கூடியது. சுவிட்ச், பிளக்குக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். வார்டில் ஒன்றிரண்டு மாற்றுப் பாட்டில் போதும், பெட்டி பெட்டியாக நர்ஸ் ஸ்டேஷன் மேசைக்கு அடியில் அடுக்குவதுதான் ஆபத்து. கையில் பூசியது நன்றாகக் காய்ந்த பிறகே ஆக்ஸிஜன் கருவியைத் தொட வேண்டும்.

ஆக்ஸிஜன் தானாக எரியாது, எரிவதை வெறிகொண்டு எரிய வைக்கும். காற்றில் அது 21 சதவீதம், 23.5ஐத் தாண்டினாலே ஆபத்தான அளவு என்று கணக்கு. நோயாளி எழுந்து பாத்ரூம் போயிருப்பார், மாஸ்க் போர்வைக்குள் ‘உஸ்’ என்று ஓடிக்கொண்டிருக்கும், போர்வை முழுக்க ஆக்ஸிஜனை வாங்கி வைத்திருக்கும். கட்டில் விரிக்க வரும் பணியாளர்தான் அதை முதலில் கேட்பார். உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? சிலிண்டர் ரெகுலேட்டரை எண்ணெய், கிரீஸ் பட்ட துணியால் துடைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கே: அப்படியானால் தீ பிடித்தால் வார்டின் ஆக்ஸிஜன் வால்வை தூய்மைப் பணியாளரே மூடலாமா?

ப: கூடாது. அந்த வால்வுக்குப் பின்னால் வென்டிலேட்டரில் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியாது. பொறுப்பு நர்ஸ் சொல்லித்தான் மூட வேண்டும், அதற்குள் கையில் பிடிக்கும் சிலிண்டர், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை தயாராக வேண்டும்.

கே: ஃபியூமிகேஷன் (கிருமி கொல்ல அறைக்குள் மருந்துப் புகை விடுவது) செய்யும்போது ஸ்மோக் டிடெக்டர் அலறுகிறது, பாலிதீன் கவர் கட்டிவிடுகிறோம். (ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்)

ப: கட்டுவது தெரியும், எப்போது அவிழ்க்கிறீர்கள்? வாரக்கணக்கில் கவரோடு தொங்கும் டிடெக்டர்கள் எத்தனையோ. கண்ட்ரோல் ரூமில் எழுதி, அந்த ஜோனை மட்டும் தற்காலிகமாக நிறுத்தி, அதுவரை ஒரு ஆளைக் காவலுக்கு வைத்து, முடிந்ததும் திரும்பப் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கவர் கட்டியே ஆக வேண்டும் என்றால் கண்ணை உறுத்தும் சிவப்பு கவர்.

கே: மூன்றாவது மாடியில் 40 படுக்கை. தீ என்றால் ராத்திரி டியூட்டியில் இருக்கும் நாங்கள் நான்கு பேர் எல்லோரையும் படி வழியாக எப்படி இறக்குவது? (ஸ்டாஃப் நர்ஸ்)

ப: இறக்க முடியாது சிஸ்டர், அப்படி ஒரு திட்டம் எழுதி வைத்திருந்தால் அது காகிதத்தில் மட்டும் நடக்கும். முதலில் பக்கவாட்டில் நகர்த்துங்கள்: அதே மாடியில், தீத்தடுப்புக் கதவைத் தாண்டி அடுத்த பகுதிக்கு, கட்டிலோடு தள்ளியே. தீக்கு மிக அருகில் இருப்பவர் முதலில். அப்புறம் நடக்க முடிந்தவர்களை ஒரே கூட்டமாக ஒருவர் அழைத்துப் போகட்டும், அதன் பிறகு மற்றவர்கள். அறையைக் காலி செய்ததும் கதவைச் சாத்துங்கள். படி என்பது அந்தப் பகுதியும் தாங்காது என்ற நிலையில்தான், லிஃப்டைத் தீயணைப்புத் துறை சொல்லாமல் தொடாதீர்கள்.

நான்கு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கணக்கில் ஹவுஸ்கீப்பிங் ஆட்களைச் சேர்த்தீர்களா? ராத்திரியில் வார்டில் இரண்டு பேர் இருப்பார்கள், கட்டிலின் சக்கர பிரேக்கை எடுக்கவும் தள்ளவும் தெரிந்தவர்கள். காண்ட்ராக்ட் ஆள் என்பதால் பயிற்சிக்குக் கூப்பிடுவதில்லை, பாதிப் பேர் மாதம் மாறினால் புது ஆள் வேறு. அதனால் பயிற்சியை வருடத்துக்கு ஒரு நாள் விழாவாக வைக்காமல், புதிதாகச் சேருகிறவருக்கு முதல் நாளே, மாப் கையில் கொடுக்கும் முன், அலாரம் பட்டன் எங்கே, எந்தக் கதவு வழியாகத் தள்ள வேண்டும் என்று நடந்து காட்டச் சொல்லி உங்கள் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். ஒத்திகையைப் பகல் 11 மணிக்கு, எல்லா டாக்டரும் இருக்கும்போது வைக்கிறார்கள் என்றால், அடுத்தது நைட் டியூட்டியில் வேண்டும் என்று அதே கடிதத்திலேயே கேளுங்கள்.

கே: எம்.ஆர்.ஐ. அறையைச் சுத்தம் செய்ய ஸ்கேன் முடிந்த பிறகு போகலாம்தானே?

ப: ஸ்கேன் முடிந்தாலும் காந்தம் முடியாது, 24 மணி நேரமும் இருக்கும். இரும்பு பக்கெட், தரை பாலிஷ் மிஷின், சாதாரண தீயணைப்பான் மூன்றும் வாசலைத் தாண்டக் கூடாது. அந்த அறைக்கென்று காந்தம் இழுக்காத தீயணைப்பான் தனியாக வாங்கி, பக்கெட்டும் மாப் கம்பும் பிளாஸ்டிக்கில் வைத்து, டெக்னீஷியன் கூட இருந்தால் மட்டும் உள்ளே அனுப்புங்கள்.