பிபியும் ஹார்ட் அட்டாக்கும்: வாசகர் கேள்வி

கேள்வி: எந்த டாக்டர்கிட்ட போனாலும் பிபி, கொலஸ்ட்ரால், சிகரெட் பழக்கம்னு கேக்குறாங்களே, இதெல்லாம் ஹார்ட்டுக்கு ஆபத்துன்னு எப்படிங்க கண்டுபிடிச்சாங்க?

பதில்: இதுக்கு நாம நன்றி சொல்ல வேண்டியது அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல இருக்குற ஃபிரேமிங்காம் ஊர் ஜனங்களுக்குத்தான். 1948ல ஆரம்பிச்சு அங்க 5209 பேர சேர்த்து, ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ பிபி, ரத்தம், ஈசிஜின்னு டெஸ்ட் பண்ணி, யாருக்கு மாரடைப்பு வருது யாருக்கு வரலன்னு வருஷக்கணக்கா பொறுமையா பாத்துட்டே இருந்தாங்க. வயசானா பிபி ஏறத்தான் செய்யும், அத குறைக்கவே கூடாதுன்னு நிறைய டாக்டருங்களே நம்புன காலம் அது, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டே 1945ல பிபி எகிறி மூளையில ரத்தக்கசிவு வந்துதான் இறந்தார். 1961ல இந்த ஆய்வுல இருந்த டாக்டர் வில்லியம் கேனல் குழு, பிபியும் கொலஸ்ட்ராலும் அதிகமா இருந்தவங்களுக்குத்தான் இதய நோய் அதிகமா வருதுன்னு எழுதுனாங்க. 1971ல அந்த ஊர் ஜனங்களோட பிள்ளைங்க, 2002ல பேரப்பிள்ளைங்கன்னு மூணு தலைமுறை வந்து கை நீட்டி ரத்தம் குடுத்திருக்காங்க, எவ்ளோ பெரிய மனசு! ஒரு குறை என்னன்னா அதுல சேர்ந்தவங்க பெரும்பாலும் வெள்ளக்காரங்க, அதனால அந்த கணக்க நம்ம ஆளுங்களுக்கு அப்படியே போட்டுப் பாக்க முடியாது, நமக்கு சுகர் சின்ன வயசுலயே வந்துடுது, அதையும் சேர்த்து செக் பண்ணிக்கோங்க.